நம்ம ஊர் ரோட்டுக்கு நாமே வரி போட முடியுமா?

சங்கரன்கோவிலில் ஒரு கடையில் மிக்சி வாங்குகிறீர்கள். வரிக்கு முந்தைய விலை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில்லின் அடியில் இரண்டு தொகைகள் தனித்தனியாக அச்சாகியிருக்கும். மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம், 450 ரூபாய். மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம், இன்னொரு 450 ரூபாய். ஆக மொத்தம் 900 ரூபாய் வரி. மிக்சியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, வாறுகால் தோண்டிப் பாதி மூடிய தெருவில் குலுங்கிக்கொண்டே வீடு போய்ச் சேரும்போது, இந்த 900 ரூபாயில் இந்தத் தெருவுக்கு எவ்வளவு வரும் என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான்.

நேராக வருவது எதுவும் இல்லை. சுற்றி வருவதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மத்திய ஜிஎஸ்டியான 450 ரூபாய் டெல்லிக்குப் போகிறது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் வகுத்த கணக்குப்படி, பகிரக்கூடிய மத்திய வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு வரும். அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். நம் 450 ரூபாயை அந்தச் சல்லடையில் போட்டால், தமிழ்நாட்டுக்குத் திரும்பி வருவது ஏழரை ரூபாய். மாநில ஜிஎஸ்டியான 450 ரூபாய் சென்னைக் கருவூலத்துக்குப் போகிறது. தமிழக அரசு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, தன் சொந்த வரி வருவாயில் சுமார் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்கிறது. அப்படியானால் 45 ரூபாய். அந்த 45 ரூபாயும் சங்கரன்கோவிலுக்கென்று வருவதில்லை. மாநிலத்தின் அத்தனை மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் ஒரு சூத்திரப்படி அதைப் பிரித்துக்கொள்கின்றன.

இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. கடைத்தெருவே இல்லாத சிற்றூருக்கும் ரோடு வேண்டும். வசதியான ஊரில் வசூலானது வசதியற்ற ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். என் ஆதங்கம் வேறு. வரி கொடுத்தவர் தன் பணத்தையும் தன் கண்ணெதிரே நடக்கும் வேலையையும் சேர்த்துப் பார்க்க இந்த ஏற்பாட்டில் வழியே இல்லை.

அமெரிக்காவின் பல மாவட்டங்களில் அந்த வழி உண்டு. அங்கே உள்ளூர்ப் போக்குவரத்துக்குப் பணம் வேண்டுமென்றால், கடையில் விற்கும் பொருளின் மேல் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ கூடுதல் விற்பனை வரி போடலாமா என்று மக்களிடமே வாக்குக் கேட்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 2008 நவம்பரில், ஒபாமாவைத் தேர்ந்தெடுத்த அதே நாளில், மக்கள் இன்னொரு கேள்விக்கும் பதில் சொன்னார்கள். ‘மெஷர் ஆர்’ என்று அதற்குப் பெயர். முப்பது ஆண்டுகளுக்கு அரை சதவீத விற்பனை வரி. வரும் பணத்தில் 35 சதவீதம் புதிய ரயில், விரைவுப் பேருந்துத் தடங்களுக்கு. 20 சதவீதம் பஸ் ஓட்டும் செலவுக்கு. 20 சதவீதம் நெடுஞ்சாலைகளுக்கு. 15 சதவீதம் மாவட்டத்துக்குள் இருக்கும் நகரங்களுக்கு மக்கள்தொகைப்படி, அவரவர் தெருவைச் சரிசெய்துகொள்ள. இப்படி, எதற்கு எவ்வளவு என்பது வாக்குப் போடும் முன்பே தீர்மானமாகியிருந்தது. செலவைக் கண்காணிக்கத் தனிக் குழு, ஆண்டுதோறும் தணிக்கை என்பதும் அதிலேயே இருந்தது.

நம் மிக்சி பில்லில் இந்த அரை சதவீதத்தைப் போட்டுப் பார்த்தால் 25 ரூபாய் வரும். 900 ரூபாய்க்குப் பக்கத்தில் அது சின்னத் தொகை. ஆனால் அந்த 25 ரூபாய் எந்தப் பஸ்ஸுக்கு, எந்தத் தெருவுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பது கொடுப்பவருக்குத் தெரிந்திருக்கும்.

கலிபோர்னியாவில் இப்படிக் குறிப்பிட்ட நோக்கத்துக்கான உள்ளூர் வரிக்குப் பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தால் போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மெஷர் ஆர் சுமார் 68 சதவீதம் பெற்று நூலிழையில் தேறியது. 2012இல் அதே வரியை மேலும் முப்பது ஆண்டு நீட்டிக்கலாமா என்று கேட்டபோது 66.1 சதவீதம் பேர் சரி என்றார்கள், வேண்டியிருந்தது 66.67. தோற்றது. நூற்றுக்கு அறுபத்தாறு பேர் ஒத்துக்கொண்ட ஒரு வரி நிறைவேறவில்லை என்பது நமக்கு விநோதமாகத் தெரியலாம். பிறகு 2016இல் வேறு வேலைப் பட்டியலோடு வந்து, 71 சதவீதம் வாங்கி, இன்னொரு அரை சதவீத வரியை நிறைவேற்றிக்கொண்டார்கள்.

எல்லா ஊரும் ஒத்துக்கொண்டதென்று நினைக்க வேண்டாம். ஜார்ஜியா மாநிலத்தில் 2012 ஜூலை 31 அன்று பன்னிரண்டு வட்டாரங்களில் ஒரே நாளில் இதே கேள்வியைக் கேட்டார்கள். பத்தாண்டுக்கு ஒரு சதவீத வரி. ஒன்பது வட்டாரங்கள் வேண்டாம் என்றன. போக்குவரத்து நெரிசலில் தினமும் அல்லாடும் அட்லாண்டா வட்டாரத்திலேயே அறுபது சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு. காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை நம் ஊர்க்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். அந்த வட்டாரத்தில் 1993இல் ஒரு சாலைக்குச் சுங்கம் போட்டார்கள். கடன் அடைந்ததும் 2011இல் எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். 2010இல் அதை நீட்டித்தார்கள். சொன்ன நாளில் எடுக்காத சுங்கம், அடுத்த வரியைக் கேட்க வந்தபோது எதிரே வந்து நின்றது. சுங்கச்சாவடியில் நிற்கும்போது “இந்த ரோட்டுக்குப் போட்ட காசு இன்னுமா வரவில்லை?” என்று முணுமுணுக்கும் நமக்கு, அட்லாண்டாக்காரர்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நோக்கத்தைச் சொல்லி உள்ளூரில் வரி வாங்கி, அதில் போக்குவரத்து அமைப்பதைத் தமிழ்நாடு நூறாண்டுக்கு முன்பே செய்திருக்கிறது.

அன்றைய மாவட்ட உள்ளாட்சி அமைப்பான தஞ்சாவூர் ஜில்லா போர்டு, ரயில் பாதை போடுவதற்கென்றே நிலத்தின் மேல் ஒரு தனி வரி வாங்கியது. நிலத்தின் ஆண்டு மதிப்பில் ரூபாய்க்குக் காலணா. அந்தப் பணத்தைச் சேர்த்து மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை போட்டார்கள். 1894இல் ரயில் ஓடியது. பாதை போர்டுக்குச் சொந்தம். வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. வரும் லாபத்தில் போர்டுக்குப் பங்கு. அதைக் கொண்டு பாதை அறந்தாங்கி வரை நீண்டது. நெல் விளைவித்தவர்கள் கட்டிய காலணாவில், நெல்லை ஏற்றிப் போகும் ரயில் வந்தது. கோயம்புத்தூர் ஜில்லா போர்டு போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் பாதை போட்டது. நம் திருநெல்வேலி ஜில்லா போர்டும் சும்மா இருக்கவில்லை. 1923இல் திறந்த திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயில் பாதை அந்தப் போர்டின் உடைமை. இன்று தைப்பூசத்துக்கும் சூரசம்ஹாரத்துக்கும் அந்த ரயிலில் போகிற எத்தனை பேருக்கு, அது ஒரு ஜில்லா போர்டுக்குச் சொந்தமாக இருந்த பாதை என்று தெரியும்?

சங்கரன்கோவில் தாலுகா அன்று அந்தப் போர்டின் எல்லைக்குள் இருந்தது. நம் ஊர் வழியாக விருதுநகர் - தென்காசி பாதை 1927இல் வந்தது. அதைப் போட்டது கம்பெனி.

ஜில்லா போர்டு வரிக்குப் பொது வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. வெகுகாலம் கலெக்டரே போர்டின் தலைவர். நிலமில்லாதவரின் குரலுக்கு அங்கே இடமே இல்லை. அந்த நிர்வாக முறை திரும்ப வர வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் வாங்கிய காலணா எதற்கு என்பதில் மட்டும் குழப்பம் இருக்கவில்லை.

விற்பனை வரிக்கும் நம் மாகாணத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. எல்லாப் பொருளுக்கும் பொதுவான விற்பனை வரியை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம், 1939இல், ராஜாஜி முதன்மை அமைச்சராக இருந்தபோது. சேலத்தில் 1937இல் தொடங்கிய மதுவிலக்கால் குறைந்த கலால் வருமானத்தை ஈடுகட்டத்தான் அந்த வரி வந்தது. காரணத்தோடு பிறந்த வரி. காலப்போக்கில் காரணம் மறந்தது, வரி நிலைத்தது.

இன்று சங்கரன்கோவில் நகராட்சி இப்படி ஒரு அரை சதவீத விற்பனை வரி போட முடியுமா? முடியாது. 2016இல் நிறைவேறிய 101ஆவது அரசியல் சட்டத் திருத்தம், சரக்கு, சேவைகள் மேல் வரிபோடும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் மட்டுமே கொடுத்திருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் அதன்படி ஜிஎஸ்டி நடக்கிறது. விகிதத்தை ஜிஎஸ்டி கவுன்சில் பேசி முடிவு செய்யும். பெட்ரோலும் டீசலும் மதுவும் அதற்கு வெளியே இருக்கின்றன. அவற்றின் மேல் மாநிலம் தனியாக வரி வாங்குகிறது. 2021 ஆகஸ்டில் குறைத்த பிறகு பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். பங்கில் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது மத்திய அரசின் சாலை, உள்கட்டமைப்பு செஸ்ஸும் விலையில் அடக்கம். பெயரிலேயே சாலை இருக்கிறது, ஆனால் அதன் கணக்கு டெல்லியில்.

சட்டத்தில் ஒரு சிறு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. இயற்கைப் பேரிடர் காலத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு, கூடுதல் விகிதம் போட ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்கலாம். அந்த வாசல் வழியாகப் போனது கேரளம். 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பின், மீள்கட்டுமானத்துக்காக ஒரு சதவீத வெள்ள செஸ் வாங்கினார்கள். 2019 ஆகஸ்டு 1இல் தொடங்கி 2021 ஜூலை 31இல் முடித்தார்கள். செங்கோட்டை தாண்டி, புளியரை சோதனைச்சாவடி தாண்டி, புனலூரில் போய் ஒரு மிக்சி வாங்கியிருந்தால் அந்த இரண்டாண்டும் பில்லில் அது தனி வரியாகத் தெரிந்திருக்கும். ஐந்து சதவீத ஜிஎஸ்டி உள்ள பொருள்களுக்கு அது கிடையாது. தங்கத்துக்குக் கால் சதவீதம். வியாபாரிக்கு வியாபாரி விற்பதற்கு இல்லை, கடைசியாக வாங்குபவரிடம் மட்டும். காரணம், அளவு, முடியும் நாள் மூன்றும் முன்கூட்டியே சொல்லப்பட்டு, சொன்ன நாளில் நின்ற ஒரு விற்பனை வரி, நம் தென்காசி மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்திருக்கிறது. வாக்கெடுப்பு ஒன்றுதான் அதில் இல்லை.

உள்ளாட்சிக்கென்றே சட்டம் விட்டுவைத்திருக்கும் இன்னொன்று, சினிமா டிக்கெட் மேல் போடும் கேளிக்கை வரி. 2017 ஜூலையில் தமிழ்நாட்டில் அதை 30 சதவீதம் என்று அறிவித்ததும் திரையரங்குகள் சில நாள் மூடிக்கிடந்தன. பேச்சுவார்த்தைக்குப் பின் அது பெரிதும் குறைக்கப்பட்டது. விகிதத்தை முடிவு செய்தது அப்போதும் சென்னைதான்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். விற்பனை வரி நம் ஊருக்குப் பொருந்துமா? என் எண்ணத்தில், பொருந்தக் காரணம் ஒன்றும் பொருந்தாமல் போகக் காரணம் இரண்டும் இருக்கின்றன.

2011 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இருந்த ஊர் இது. ஆனால் ஊரின் ரோட்டை உபயோகிப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. குருவிகுளம், திருவேங்கடம், மேலநீலிதநல்லூர் பக்கத்து ஊர்களிலிருந்து துணி எடுக்க, நகை வாங்க, ஆஸ்பத்திரிக்கு, காலேஜுக்கு என்று தினமும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். விடிவதற்குள் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டைகள் டூ வீலரிலும் மினி லாரியிலும் வருகின்றன. ஆடித்தபசுக்கு ரத வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. இத்தனை பேர் தேய்க்கும் ரோட்டை நகராட்சி பராமரிப்பது பெரும்பாலும் சொத்து வரியில். சொத்து வரி கட்டுவது ஊருக்குள் வீடும் கடையும் தறிக்கூடமும் வைத்திருப்பவர்கள் மட்டும். வாங்க வருகிறவரும் கொஞ்சம் பங்கு கொடுத்தால் நியாயம்தானே? சந்தை ஊருக்கும் கோயில் ஊருக்கும் விற்பனை வரி பொருந்துவது இதனால்தான்.

எதிர்ப்பக்கம் வருவோம். திருவேங்கடத்துக்காரர் இங்கே வரி கொடுப்பார். வாக்கு அவருக்கு இங்கே இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் வாக்கெடுப்பை ஊர் அளவில் வைக்காமல் மாவட்டம் முழுக்க வைத்ததற்கு இப்படி ஒரு நியாயம் உண்டு. இங்கேயும் வைத்தால் சுற்றுவட்டாரம் முழுக்க வைக்க வேண்டும். அடுத்தது, விற்பனை வரி ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே விகிதம். மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கும் விசைத்தறித் தொழிலாளி சம்பாதித்தது அத்தனையையும் கடையில் செலவழிக்கிறார். லட்சம் சம்பாதிப்பவர் பாதியைச் சேமிக்கிறார். அதனால் வருமானத்தோடு ஒப்பிட்டால் தொழிலாளியின் சுமைதான் அதிகம். காய்கறிக்கும் பாலுக்கும் ஜிஎஸ்டி இல்லை என்பது ஓரளவு ஆறுதல். கேரளம் போல ஐந்து சதவீதப் பொருள்களையும் விட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஆனாலும் சொத்து வரி அளவுக்கு இது நேர்மையான வரி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே சொத்து வரிக்கே திரும்புவோம். 2022இல் தமிழ்நாடு முழுக்க அது கூட்டப்பட்டது. சங்கரன்கோவில் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், அதற்கு மேல் 1,200 வரை 50, பிறகு 1,800 வரை 75, அதற்கும் மேல் 100 சதவீதம். சிறிய வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்கு அதிகமாகவும் கூட்டியது எனக்குச் சரியாகவே படுகிறது. அப்போது எழுந்த கோபத்தில் தொகையைப் பற்றிய கோபம் பாதி. மீதி, “இத்தனை கூட்டினீர்களே, என் தெருவுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் வந்தது. கூடுதலாக வரும் தொகையில் இத்தனை பங்கு ரோட்டுக்கும் வாறுகாலுக்கும், முதலாண்டில் இந்தத் தெருக்கள், அடுத்த ஆண்டு இவை என்று ஒரு பட்டியல் வீட்டுக்கு வீடு வந்திருந்தால், கட்டுகிறவரின் மனம் வேறாக இருந்திருக்கும்.

டெல்லியிலிருந்து நகராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியத்தை நம்பி ரோடு போடவும் முடியாது. 15ஆவது நிதிக்குழு, சங்கரன்கோவில் அளவிலான ஊர்களுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவிட்டது. மீதி நாற்பதில்தான் மற்ற எல்லாம்.

பட்டியல் கேட்கிறபோது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் நகராட்சியுடையது. உள்ளே வரும் பஸ்ஸுக்குக் கட்டணமும் கடைகளுக்கு வாடகையும் நகராட்சிக்கு வரும். பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது. ராஜபாளையத்துக்கும் திருநெல்வேலிக்கும் போகும் மெயின் ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. ரயில்வே கேட் ரயில்வேக்கு. ஊருக்கு வெளியே கிராமச் சாலை என்றால் ஊராட்சி ஒன்றியம். குழியில் விழுந்தவருக்கு இந்த எல்லைக் கோடுகள் தெரியாது, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் மனு எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டும். நெடுஞ்சாலைத் துறை ரோட்டுக்காக நகராட்சி வாசலில் போய் நின்றால் போன கால் சும்மா திரும்பும்.

இன்றைய சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியது இரண்டு இருக்கிறது. ஒன்று ‘நமக்கு நாமே’ திட்டம். 1997இல் தொடங்கி, இடையில் நின்று, 2021க்குப் பிறகு மீண்டும் வந்தது. ஒரு வேலைக்கு ஆகும் செலவில் பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால், மீதியை அரசு போடும். மூன்று லட்சம் ரூபாயில் ஒரு தெருவுக்குப் பேவர் பிளாக் போட வேண்டுமென்றால், தெருவில் நாற்பது வீடு இருந்தால், வீட்டுக்கு 2,500 ரூபாய். ஒத்துக்கொள்கிற தெருவுக்கு வேலை நடக்கும். வாக்குச்சீட்டு இல்லாத வாக்கெடுப்பு இது. இதில் ஒரு கோணலும் உண்டு: ஒரு லட்சம் திரட்ட முடிந்த தெரு முன்னே போகும், முடியாத தெரு பின்னே நிற்கும். வணிகர் சங்கமோ நகைக்கடைக்காரர்களோ திரட்ட முடியாத தெருவின் பங்கையும் சேர்த்துக் கொடுத்தால்தான் இது நேராகும்.

இரண்டாவது, பகுதி சபை. கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்தில் ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, கவுன்சிலர் தலைமையில் மக்களைக் கூட்ட வேண்டும் என்று 2022இல் விதிகள் வந்தன. அந்த நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, முதல் கூட்டங்கள் நடந்தன. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் தெருவிளக்கையும் குடிதண்ணீரையும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். அதோடு கேட்க வேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. போன ஆண்டு இந்த வார்டிலிருந்து சொத்து வரி எவ்வளவு வசூலானது, இந்த வார்டின் ரோட்டுக்கு எவ்வளவு செலவானது? அடுத்த மூன்றாண்டில் எந்தத் தெரு எந்த வரிசையில்? போட்ட ரோட்டுக்கு ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் எதுவரை? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, அந்த வரிசையை நகர்மன்றத்தில் தீர்மானமாக வைக்கச் சொல்லி, பட்ஜெட்டில் ரோட்டுக்குத் தனித் தலைப்பு கேட்கலாம். லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் வரிக்கு வாக்களிக்கும் முன் கையில் வாங்கிக்கொண்ட பட்டியலை, ஏற்கெனவே வரி கட்டிவிட்ட நாம் பகுதி சபையில் கேட்டு வாங்குவதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. கூட்டத் தேதி நகராட்சி அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும். வரி ரசீதையும் கையோடு எடுத்துப் போங்கள்.